ஆயுசுக்கும் எடுக்கலாம்

நாகலாபுரம்
14-11-87

அன்பு மகன் சண்முகராஜுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்றுதான் தொடங்க வேண்டும், இந்தத் தடவை அந்த முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. மஸ்கட்டில் நீயாவது சுகமாக இரு.

உன் அம்மா மருந்தை நிறுத்திவிட்டாள். நீ அனுப்பிய அந்த வாயில் வைத்து இழுக்கிற மருந்து, இரண்டு மருந்தும் ஒரே டப்பாவில் இருக்கிறதே, அதைத்தான். ஆடியிலிருந்து ஒழுங்காக இழுத்தாள், எத்தனையோ வருசமாக அடுப்பில் எரித்த பருத்திமார்ப் புகையில் வெந்த நெஞ்சு கொஞ்சம் தெளிந்தது, புரட்டாசியில் உளுந்து விதைக்கும்போது புஞ்சை வரைக்கும் எங்கேயும் உட்காராமல் நடந்துவந்து என்னையே வேலை ஏவினாள். அப்போதுதான் டீக்கடையில் கொம்பையா, இந்த மாதிரி மருந்தெல்லாம் நாளாக ஆக எலும்பை அரிச்சிரும் அண்ணாச்சி என்று ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான். மனசு கேட்காமல் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையாக விழுங்கினால்தான் அந்தப் பயம் அதிகம், இது நேரே நெஞ்சுக்குப் போகிற சிறு அளவு, இழுத்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், புது மருந்து என்பதால் இருபது வருசம் எடுத்தவர்களை நானும் பார்த்ததில்லை, ஆனால் நிறுத்துவதுதான் ஆபத்து, ஆயுசுக்கும் எடுக்கலாம் என்றார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக ஓடிவந்து சந்தோசமாக அதை உன் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு நிறுத்தியவள்தான்.

இப்போது அடைமழைக் குளிர் வேறு. படுக்க முடியாமல் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள், உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது, ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ஊசி போட்டால் கொஞ்ச நேரம் தாங்குகிறது, அவ்வளவுதான். டப்பா உளுந்துப் பானைக்குள் கிடக்கிறது, எடுத்து நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன், எனக்குத்தான் பசித்தது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள்தான் காரணத்தை அவள் வாயிலிருந்து பிடுங்கினாள். ஆயுசுக்கும் இது வேணுமாம்லா, இங்கன எந்தக் கடையிலயும் கிடைக்காது, எனக்கு மருந்து அனுப்பவே எம்புள்ள ஆயுசுக்கும் அங்கனயே கெடக்கணுமா, நான் இழுக்காம இருந்தா அவன் ஊரு வந்து சேருவாம்லா என்றாளாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லையப்பா. இப்படியே விட்டால் தை பிறப்பதைப் பார்ப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பங்குனியில் வருவதாக எழுதியிருந்தாய். அதை மாற்றி, ஊருக்கு வருகிற எண்ணமே இல்லை, எனக்கு இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது, நீ மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான் இங்கேதான் என்று அம்மாவுக்கு எழுது. அழுவாள், அழட்டும், அழுவதற்கும் மூச்சு வேண்டுமே, அதற்காகவாவது இழுப்பாள். எனக்கென்று தனியாக உண்மையை எழுதி அனுப்பாதே, தபாலை வாங்குவது அவள்தான், எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துவிடுவாள். நீ வருவாயா மாட்டாயா என்பது எனக்கும் தெரியாமலே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, குலசாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கும். மறக்காமல் உன் கையாலேயே எழுது, வேறு கையெழுத்தாக இருந்தால் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா
சோ. கருத்தையா