குணாவின் விமானம்

இன்று காலை பூச்சோங்கில் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மூன்று ஜெட் விமானங்கள் தாழப் பறந்து நகரத்தின் பக்கம் போயின. தேசிய தின ஒத்திகை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே ஓடிவந்து கைபேசியில் படம் பிடித்தார். நான் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். சத்தம் அடங்கிய பிறகும் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. நீ இல்லாததால் எழுதுகிறேன்.

கிள்ளான் அச்சகத்தில் நீ கணினியில் பக்கம் அமைப்பாய், நான் மை கலப்பேன். "மச்சான், இது பச்சையா, பிரவுனா?" என்று நாளுக்குப் பத்துமுறை தாளை நீட்டுவாய். உனக்குச் சில நிறங்கள் பிரிந்து தெரியாது. அந்தக் கண்ணுக்காகத்தான் விமானப்படைத் தேர்வில் உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். நீ மேசையில் போட்டுவைத்திருந்த விண்ணப்பத் தாள்களைப் பார்த்துத்தான் உன் தம்பி குணாவுக்கு ஆசை வந்தது. அவன் தேறினான். விமானியும் ஆனான். ஒரு மழைநாளில் பயிற்சிக்குப் போனவனின் ஜெட் மலையில் மோதியது. பிரிக்பீல்ட்ஸில் உங்கள் பிளாட்டுக்கு வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உன் அம்மா முன்பே இறந்துவிட்டிருந்தார். நீயும் அப்பாவும் அந்த மூடிய பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றீர்கள்.

மறுவருடம் நீ ஒரு பழைய கணினியும் ஃப்ளைட் சிமுலேட்டரும் வாங்கினாய். திரையில் விமானம் ஓட்டும் அந்த மென்பொருளில் பயணிகள் விமானங்கள் நிறைய இருந்தன. குணா ஓட்டிய ஜெட் இல்லை. நீயே அதைக் கட்ட உட்கார்ந்தாய். அவன் ஜெட்டின் பக்கத்தில் நின்று எடுத்த படங்கள் நாலைந்து இருந்தன. அவன் உயரம் உனக்குத் தெரியும். அதை அளவுகோலாக வைத்து மூக்கிலிருந்து வால்வரை கணக்கிட்டாய். சிறுசிறு முக்கோணங்களாக இறக்கை வளர்ந்தது. ஒன்று கூடினாலும் கணினி திணறியது. வால் வளைவுக்காகச் சக்கரத்தில் இரண்டு முக்கோணங்களைக் குறைத்தாய்.

பெயிண்டுக்கு என்னைக் கூப்பிட்டாய். ஞாயிறுதோறும் கொமுட்டர் ரயிலேறி வந்தேன். பச்சை எது, பிரவுன் எது, வெயிலில் வெளுத்த பச்சை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல, நீ ஒவ்வொரு புள்ளியாக நிரப்பினாய். நான் ஒருமுறை பளிச்சென்று ஒரு பச்சையைக் காட்டினேன். "வேணாம்டா. கடையிலேருந்து எறக்குன மாதிரி இருக்கக் கூடாது. அவன் ஏறி எறங்குன பிளேன் மாதிரி இருக்கணும்" என்றாய். எஞ்சின் பக்கம் புகைக்கறை வைத்தோம். அவன் கால் வைத்து ஏறும் இடத்தில் பெயிண்டைத் தேய்த்துவிட்டோம். கடைசியில் வாலில் எண் எழுதினாய். அதற்கு மட்டும் என் உதவியைக் கேட்கவில்லை.

முடிந்த அன்று அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். கிழக்குக் கரை ஓடுபாதையிலிருந்து கிளம்பி, அவன் மோதிய மலையைச் சுற்றி வந்து, பத்திரமாகத் தரையிறக்கினாய். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணா எங்க ஒக்காந்திருக்கான்?" என்று கேட்டார்.

கண்ணாடிக்குள் இருந்த சின்ன உருவத்தை விரலால் காட்டினாய். அவர் திரையருகே குனிந்தார். "மொகம் தெரியலையேப்பா."

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த முகத்தோடு மல்லுக்கட்டினாய். ஹெல்மெட்டுக்குள் கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகள். கண் வைத்தால் மூக்குக்கு இடமில்லை. ஒரு ஞாயிறு நான் வந்தபோது ஹெல்மெட்டின் முன்பக்கம் முழுவதையும் கறுப்புக் கண்ணாடியால் மூடியிருந்தாய். அப்பா வந்து பார்த்தார். "மூடிட்டியா. சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் செய்ததை இனித்தான் எழுத வேண்டும். இவ்வளவு அழகான வேலை ஒரு பிளாட்டுக்குள் கிடக்கிறதே என்று எனக்கு ஆற்றாமை. உலகம் பார்த்தால் உனக்கு ஒரு நல்ல வழி பிறக்கும் என்று நம்பினேன். நீ ஒருமுறை, "இது வெளிய போக வேணாம்" என்று சொல்லியிருந்தாய். ஆனாலும் நான் பிரதி எடுத்து வைத்திருந்த டிஸ்கெட்டை ஒரு சைபர் கஃபேக்குக் கொண்டுபோய், இப்படிப்பட்ட விமானங்களைச் சேர்த்துவைக்கும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் உன் பெயரோடு ஏற்றினேன்.

என் மின்னஞ்சலுக்குக் கடிதங்கள் வந்தன. பாராட்டுகள்தாம் என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அச்சிட்டு உன்னிடம் கொடுத்தேன். நீ கோபப்படாமல் ஒவ்வொன்றாகப் படித்தாய். நாலாவதில் நின்றாய். அதை மட்டும் என் பக்கம் திருப்பினாய். யாரோ ஒருவன் எழுதியிருந்தான்: அருமையான ஜெட், தினமும் வேலை முடிந்து வந்து இதை மலையில் மோதவிடுகிறேன், மோதும்போது பார்க்க ரொம்ப அழகு.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"எடுத்துடு" என்றாய்.

"எடுத்துடறேன் மச்சான்."

தளத்துக்கு இரண்டுமுறை எழுதினேன். பதில் இல்லை. அதற்குள் வேறு தளங்களிலும் அது ஏறிவிட்டது. எத்தனை கணினிகளுக்குப் போனதோ, எத்தனை மாலைகளில் எத்தனை பேர் அதை ஓட்டினார்களோ, யாருக்குத் தெரியும். கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, "எடுத்துட்டியா?" என்று கேட்டாய். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "எடுத்தாச்சு லா" என்றேன். அன்று வீட்டுக்குப் போனதும் உன் கணினியில் இருந்ததையும் அழித்துவிட்டாய். என் டிஸ்கெட்டையும் கேட்டு வாங்கி உடைத்தாய். அதற்குப் பிறகு நீ எதையும் கட்டவில்லை.

மறுவருடம் உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள்தான். மூன்றாம் நாள் வார்டில் நாம் இருவரும் மட்டும் இருந்தபோது, "அது இப்ப எங்கயுமே இல்லல்ல?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன். "தேங்ஸ்டா. நீ எடுக்கலன்னா குணா தெனம் விழுந்துகிட்டே இருந்திருப்பான்" என்றாய்.

அப்பா உனக்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு ஆளே இல்லாமல் போனது. நீ காய்ச்சலில் உலர்ந்த வாயோடு சொன்ன அந்த நன்றி எனக்குச் சேர வேண்டியது அல்ல. திருப்பிக் கொடுக்கவும் இடமில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.