மண் லாரி வருவதற்குள்

என்னங்க,

நேற்றிலிருந்து உங்களோடு பேச்சு இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன.

கொல்லைக் குளத்தை மூட மதியம் மண் லாரி வரும் என்றீர்கள். அதற்குள் மீன்களுக்கு ஒரு வாய் சோறு உங்கள் கையாலேயே கொடுங்கள். அப்புறமும் மனசு வந்தால் மூடுங்கள்.

மேலிருந்து வீசினால் ஓடிவிடும். மழை வெள்ளத்தில் வாய்க்கால் வழியாக வந்த ஆற்று மீன்கள் அவை. என்னை நம்பவே ஒரு மழைக்காலம் ஆனது. சோற்றோடு கையைத் தண்ணீருக்குள் வைத்து அசையாமல் உட்காருங்கள். வால் கிழிந்த பெரியதுதான் முதலில் வந்து விரலைக் கவ்வும். வலிக்காது, கூசும், அவ்வளவுதான். நேற்றுக் காலை மாதிரி "ஐயோ, கடிக்குது"ன்னு துள்ளிக் குளத்தில் விழ வேண்டாம். உங்கள் தம்பி முன்னால் நான் சிரித்தது தப்புதான். அதற்காகக் குளத்தையே மூடுவதா?

பின்குறிப்பு: செருப்பு மாட்டும்போது லாரிக்காரர் போன் செய்தார். "சார் நேத்து சாயங்காலமே மண் வேணாம்னுட்டாரும்மா. நெஜந்தானான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். ஏதோ மீன் அவர் கையில சாப்பிட்டுச்சாம், அதையே சொல்லிட்டிருந்தாரு, போனை வைக்கவே விடல."

என்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? நான் வந்ததும் சொல்லுங்கள். முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொள்கிறேன்.