எல்லாருக்கும் எழுதிவிட்டேன், சாட்சிக்கு ஆளில்லை

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சித்தியும் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நன்றாக இருக்கிறோம் என்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். போன வாரம் போனில் உயில் என்று நான் வாயெடுத்ததுமே, டாக்டர் என்னம்மா சொன்னாரு, எங்கிட்ட மறைக்காதே என்று அழுது போனை வைத்துவிட்டாய். எனக்கு ஒன்றும் இல்லையடி. முழங்கால் வலி ஒன்றுதான், அதுவும் நாளெல்லாம் இஸ்திரி மேஜை முன்னால் நிற்கிற யாருக்கும் வருவது. கடிதம் என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டாவது படித்து முடிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் உன் சித்திதான். சித்தப்பா போனபிறகு என் தங்கை நம் வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து நம் சலவைக்கடை முன்மேஜை அவள் பொறுப்பு. ஆனால் இன்றைக்கும் வாசலில் நின்று மணி அடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். அவளுக்கென்று ஆணியில் தொங்கும் சாவியைத் தொட்டதே இல்லை. கேட்டால், இது உங்க வீடாச்சே அக்கா, நான் பாட்டுக்குத் திறந்துட்டு வந்தா நல்லாவா இருக்கும் என்பாள். நம்மிடம் கறுப்புக் கோட்டு வெளுக்கப் போடும் வக்கீலம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீடு உங்க பேர்ல இருக்கு, உயில் எழுதாம விட்டா வீட்டுக்காரருக்கும் பொண்ணுக்கும்தான் போகும், தங்கச்சிக்கு அதுல ஒரு ஜன்னல்கூட சொந்தமில்ல என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு காலர்கூடச் சரியாகப் படியவில்லை. நீ அவளைத் தெருவில் விடமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் உன் தயவில் இருப்பது வேறு, தன் உரிமையில் இருப்பது வேறு.

உடனே வேலையை ஆரம்பித்துவிட்டேன். நம் தொழில்தான் உனக்குத் தெரியுமே, பேர் எழுதின சீட்டுக் கட்டாத துணி வீடு போய்ச் சேராது. கடையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டு எடுத்துவந்து, எனக்குப் பிறகு எது யாருக்கு என்று எழுதிச் சாமான் சாமானாகக் கட்டினேன். சுவர்க்கடிகாரம் பேக்கரிக்காரருக்கு, தையல்காரம்மாவுக்கு நீராவி இஸ்திரி, பூந்தொட்டியெல்லாம் மாடி வீட்டு நர்சுக்கு, இப்படித் தெருவில் ஒருத்தரையும் விடவில்லை. வக்கீலம்மா வந்து பார்த்தார். சாய்வு நாற்காலியில் ஒரு சீட்டுத் தொங்குகிறது, அதே நாற்காலியில் அப்பா குறட்டை விடுகிறார். இவரை யாருக்கும்மா எழுதிவெச்சிருக்கீங்க என்று கேட்டாரே பார்க்கலாம்! விழுந்து விழுந்து சிரித்தோம்.

சீட்டு உயிலாகாதாம். எழுத்தில் இருக்கவேண்டும், நான் கையெழுத்துப் போடவேண்டும், அதை இரண்டு சாட்சிகள் பார்த்துத் தாங்களும் போடவேண்டும். யாருக்கு எழுதுகிறோமோ அவர் பயனாளி. எழுதியபடி எல்லாவற்றையும் சேர்ப்பிக்கிற ஆள் நிறைவேற்றுநர். அது நீதான், பயனாளியாக இருந்துகொண்டே அதையும் செய்யலாமாம். அப்பாவுக்கும் சித்திக்கும் ஆயுள்கால உரிமை, அதாவது உயிர் உள்ளவரை இந்த வீட்டில் இருக்கலாம், விற்க முடியாது, அவர்களை யாரும் கிளப்பவும் முடியாது. அதற்குப் பிறகு வீடு உனக்கு. பேர் சொல்லி எழுதாத மிச்சமெல்லாமும் உனக்குத்தான், அப்பாவின் பழைய செருப்புகள் உள்பட. மனசு மாறினால் நாளைக்கே மாற்றியும் எழுதலாமாம்.

எல்லாம் சரியாகப் போனது, சாட்சியில் வந்து மாட்டிக்கொண்டேன். பயனாளி சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடுமாம், சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதியிருந்தாலும் அதே கதைதான். பேக்கரிக்காரரா என்றேன், கடிகாரம் இருக்கே என்றார் வக்கீலம்மா. தையல்காரம்மா, நர்சு, யாரைச் சொன்னாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. சரி, நீங்களே போடுங்களேன் என்றேன். எனக்கும் ஒரு குடை எழுதியிருக்கீங்களேம்மா என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஒருத்தர் பேரை அடிக்கலாம் என்றால், எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன், எந்த முகத்தோடு அடிப்பது? அப்போதுதான் அப்பா கண்ணைத் திறக்காமலே, எதிர்க்கடை சாவிக்காரனுக்கு நீ ஒரு குண்டூசிகூட எழுதலையே என்றார்.

அவரேதான், நீ முறைப்பு என்று பேர் வைத்தாயே, அவர். கோட்டைச் சுருக்கிவிட்டேன் என்று சண்டை போட்டாரே, கோட்டு சுருங்கவில்லை, தொப்பை பெருத்துவிட்டது என்று நானும் சொன்னேனே, அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அவர்மேல் இருந்த கோபத்தில் அவர் மனைவிக்கும் நான் ஒன்றும் எழுதவில்லை, அதனால் ஒரே வீட்டில் எனக்கு இரண்டு சாட்சி கிடைத்தது. போய் நின்றேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தாலும், நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டோமா என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையெழுத்துக்கு முன்னால் வக்கீலம்மா, யாரும் கட்டாயப்படுத்தலையே, புத்தி தெளிவாத்தானே இருக்கு என்று முறைப்படி கேட்டார். தெளிவா இருக்கறதாலதான் அன்னிக்கே சொன்னேன், கோட்டு சுருங்கலைன்னு என்றேன். வக்கீலம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது யார் தெரியுமா? முறைப்பு!

எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிக்கிற நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பிஸ்கட் வாங்கப் போன சித்தி. இங்க இருக்கறவங்கதானே, எதுக்கு மணி அடிக்கிறாங்க என்று சாவிக்காரர் கேட்க, நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆணியிலிருந்த சாவியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் நம் கடைக்கு வந்து, புதிதாக வெட்டிய ஒரு சாவியைச் சித்தி முன்னால் வைத்து, இது உங்க அக்கா வீட்டுச் சாவி இல்லம்மா, உங்க சாவி, நான் சாட்சி என்றார். சித்தி துணிகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படி அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அவருக்கும் ஏதாவது எழுதலாம் என்றால் சாட்சியாகிவிட்டார், முடியாது. உயிரோட இருக்கறப்பவே குடுங்க, யார் தடுத்தா என்றார் வக்கீலம்மா. அதனால் அவரிடம் அந்தக் கோட்டை வாங்கித் தையல்காரம்மாவிடம் தந்து, தொப்பைக்கு இடம் விட்டுத் தையலைப் பிரித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நிறைவேற்றுநராக இருக்கச் சம்மதம் என்று உன் கையால் நாலு வரி எழுதிப் போடு, அழாமல் எழுது. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நீயும் உன் வீடும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் பூட்டுக்குள் சாவி திரும்புகிற சத்தம், பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம். மணி அடிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதிருப்பேன். லீவு கிடைத்ததும் வா, வந்து மணி அடி. கதவைத் திறக்க இன்னொரு வீட்டுக்காரி இருக்கிறாள்.

இப்படிக்கு,
புத்தி தெளிவாக இருக்கும் உன் அம்மா