ஆக்சிஜனுக்கு முன்னால் ஓர் அரை

செப்டம்பர் 8, திங்கள்
கழுத்து விட்டுப்போகிறது. செந்துறையில் டியூஷன் எடுக்கும் மரிய செல்வம் சார், பதினோராம் வகுப்பு வேதியியல் வினாத்தாளை மாலையில்தான் நான் டைப் அடிக்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்தார். காலையில் வேண்டுமாம். ‘எது திட்ட உருவாதல் வினை?’ என்று ஒரு கேள்வி, நான்கு சமன்பாடுகள். மூன்றாவதில் ஆக்சிஜனுக்கு முன்னால் ½. அடித்தால் வெறும் கட்டம்தான் வருகிறது. கடைக்கார லாவண்யா அக்கா பூட்டுச் சாவியோடு நிற்கிறார். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிட்டேன்.

2H₂ + O₂ → 2H₂O

சமன் சரிதானே? பத்தாம் வகுப்பில் இப்படித்தான் செய்தோம்.

செப்டம்பர் 9
தூக்கம் போதவில்லை.

செப்டம்பர் 11
சார் வந்தார். மூன்றாவதுதான் விடை என்று மார்க் போட்டிருக்கிறார். மாணவி ஒருத்தியின் அப்பா, அவரும் வாத்தியார், அதைப் பார்த்து, இதுகூடத் தெரியாதவரா டியூஷன் எடுக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்கிறாராம்.

“நான் அரை போட்டுத்தாம்மா குடுத்தேன்.”

“எங்க புள்ள பார்த்தது பார்த்தபடி அடிக்கும் சார். அதுக்கு வாயே கெடையாது, கெமிஸ்ட்ரியா தெரியும்?” என்றார் அக்கா.

அவர் எழுதித்தந்த தாள் குப்பையில் போய்விட்டது. நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைத்தபடியே இருந்தேன்.

செப்டம்பர் 12
என் பழைய பதினோராம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன். திட்ட நிலையில் உள்ள தனிமங்களிலிருந்து ஒரு மோல் சேர்மம் உருவாக வேண்டும். ஒரு மோல். நான் இரண்டாக்கிவிட்டேன். அந்த அரை இருந்தால்தான் அது விடை.

முந்தின பக்கம் வரைக்கும்தான் என் பென்சில் கோடு. அந்த வாரம்தான் அம்மா நோயில் படுத்தது, நான் பள்ளியிலிருந்து நின்றது.

செப்டம்பர் 13
சொன்னா அக்கா வேலைய விட்டு அனுப்பிடும். சொல்லலன்னா சார் பேரு போயிடும். நான் எதுக்கு அதத் தொட்டேன்?

செப்டம்பர் 15
டியூஷன் வாசலில், பிள்ளைகள் முன்னால் சொன்னேன். பாதிக் குரல்தான் வந்தது.

“நான்தான் சார் ரெண்டால பெருக்குனேன். அரை வரல.”

யாரோ சிரித்தார்கள். சார் திட்டவில்லை. ஒரு பிள்ளையின் வினாத்தாளை வாங்கி, இரண்டுகளை அடித்து, பேனாவால் அரையைப் போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்தார். அக்காவிடமும் சொன்னேன். பூட்டுச் சாவியை மேசையில் வைத்தார். பிறகு, “அப்ப நாந்தான் அந்த மனுசன பொய்யனாக்கிட்டேன்” என்றார். நாளைக்கு வராதே என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 29
சாரின் அடுத்த வினாத்தாள். அரை வராத இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தார். அறுபது பிரதியிலும் நானே பேனாவால் போட்டு முடித்தேன். கை கடுக்கிறது.

விடைக் குறிப்பில், கார்பன் டை ஆக்சைடு உருவாவதற்குக் கார்பனை வைரம் என்று எழுதியிருக்கிறார். கார்பனின் திட்ட நிலை கிராஃபைட்தானே?

இருப்பதை அப்படியே அடித்தேன். அவர் எழுதிய தாளின் ஓரத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும்.