விஜய்பாண்டி எழுதாத பரீட்சை

மகாலட்சுமி,

திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் வாராக, ஓடைப்பட்டித் தோட்டத்துக்குப் போறேன். சாவி பிரிட்ஜ் மேல. குழம்பைச் சுட வச்சுச் சாப்பிடு.

பதினொரு மணிக்கு மருமக நதியா வருது. அந்தப் பிரிட்டன் குடியுரிமைப் பரீட்சைப் புத்தகத்தைக் குடுத்துரு. ராசா ராணி வரிசை தெரிஞ்சாத்தான் அங்கன குடியிருக்க விடுவாகளாம். நம்ம மகன் விஜய்பாண்டி எழுதாமலே லண்டன்ல போய்ச் சேர்ந்தான்; அவன் பெட்டியில புத்தகம்தான் திரும்பி வந்துச்சு. அந்தப் பிள்ளையாவது எழுதட்டும்.

நேத்து நீ, "எட்டாம் ஹென்றிக்கு எத்தனை பொண்டாட்டி?"ன்னு வாசிச்சிட்டு, வழக்கம்போல அவன் பதிலுக்குக் காத்திருந்த. நான் குறுக்க பூந்து "ஆறு"ன்னது தப்புத்தான். ஒருத்திகிட்டயே பேச்சு வாங்குறவனுக்கு ராசா வீட்டுக் கணக்கு எதுக்கு? ஆனா நீ காத்திருந்தப்ப, அவன் நாற்காலியில யாரோ பதிலை யோசிக்கிற மாதிரி இருந்துச்சு. பயந்துதான் வாயைத் திறந்தேன்.

புத்தகம் போனாலும் நீ அவனைக் கேளு. இனிக் குறுக்க வரமாட்டேன்.

சுந்தரலிங்கம்

மறந்துட்டேன்: புத்தகத்துல பெரிய இஞ்சினியர் யாருங்கிற கேள்விக்கு, நம்ம பய அச்சடிச்ச நாலு பேரையும் விட்டுட்டு, நம்ம அணையைக் கட்டின பென்னிகுயிக் பேரைப் பென்சில்ல எழுதி வச்சிருக்கான். கம்பத்துக்காரன் வேற யாரை எழுதுவான்? அதுக்கு மார்க் கிடையாதுன்னு நதியாகிட்டச் சொல்லு. அழிச்சிர வேணாம்னும் சொல்லு.