மச்சாள் கொண்டுவந்த சீனக் கஞ்சி

ஞாயிறு. ஷ்லீரன் நகரம்.

இன்று மத்தியானம் இவருடைய தங்கை வசந்தி ஒரு சட்டி சீனக் கஞ்சியோடு வந்தாள். பார்லி, சிவப்புப் பயறு, காய்ந்த தாமரை இலை. குடித்தால் உடம்பு மெலியுமாம். வீடியோவில் ஒரு சீனப் பெண் உப்புக்கூடப் போடாமல் காய்ச்சினாளாம். இவளோ தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டிருக்கிறாள்.

"சப்பெண்டு இருந்தா ஆர் அண்ணி குடிக்கிறது?"

ஒரு கப் குடித்தாள். வாய் காயுமுன்னே சோற்றுக்குத் தட்டை நீட்டினாள். ஆட்டிறைச்சிக் கறி இரண்டு தரம் கேட்டு வாங்கினாள்.

"கஞ்சி மருந்து அண்ணி. சாப்பாடு வேற."

இந்த அறிவுக்குத் தாமரைக் குளத்தையே காய்ச்சிக் குடித்தாலும் மெலியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டுபோகச் சொன்னேன்.

"ஐயோ, அது உங்களுக்கு. அண்ணாதான் செய்துகொண்டு வரச் சொன்னவர்."

இவர் தலை நிமிரவில்லை. வயிறு மேசையில் முட்ட, எலும்பு உறிஞ்சிக்கொண்டிருந்தார். கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் மற்றவர்களுக்குக் கரண்டியால் கஞ்சி தீத்துகிறவள் நான். எனக்குக் கஞ்சியாம்.

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். விடட்டும். நாளைக்கு இவருடைய வேலைச் சாப்பாட்டுப் பெட்டியில் அந்தக் கஞ்சிதான். கறி இன்னும் மிச்சம் இருக்கிறது. அது எனக்கு.