கருத்த விளிம்பு

கன்னத்தில் விழுந்த அறை இன்னும் எரிகிறது. எழுபது வயதுக்கு மேல் வாங்கிய அறை. வாங்கிய கையோடு உன் நினைவுதான் வந்ததடா. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை நம் சைக்கிள் பட்டறைக்கு ஒரு கார்பன் சைக்கிள் வந்தது. சேலத்திலிருந்து மிதித்தே மலையேறி வந்தவன், வழியில் பாறையில் மோதி விழுந்திருக்கிறான். பிரேக்கை மட்டும் பார்க்கச் சொன்னான். இரண்டு விரலால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. விலைக்கு ஒரு பழைய ஜீப்பே வாங்கலாமாம். கடைவீதியே கூடி நின்று தொட்டுப் பார்த்தது. நான் நம் வழக்கப்படி ஒரு ரூபாய்க் காசால் ஃப்ரேமைத் தட்டிக்கொண்டே போனேன். டிக் டிக் என்றது. கீழ்க்குழாயில் ஓரிடத்தில் மட்டும் ஈரத் துணியைத் தட்டியதுபோல் தொப்பென்றது.

நம் காலத்தில் இரும்புதான். மாரமங்கலத்திலிருந்து நீ பட்டறைக்கு வரும்போது உன் சைக்கிளில் இரண்டு மூட்டை காப்பிக்கொட்டை இருக்கும். ஃப்ரேம் முனகும், வளையும். பித்தளை வைத்து ஊதி ஒட்டினால் மறுநாளே மூட்டை ஏறும். ஆனால் லாட்ஜ் வாசலில் நிறுத்தினால் ஓரமாகப் போ என்பார்கள். அலுமினிய சைக்கிள் வந்தபோது, அதே வாசலில் அதே வாட்ச்மேன் தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டான். நீ சிரித்தாய்.

"இரும்பு வலிச்சா கத்தும் மாப்ள. இது ஊமை. சொல்லாமயே போயிரும்."

அந்த லாட்ஜில் தங்கியிருந்தவனின் அலுமினிய சைக்கிள்தான் உன் கையை முடித்தது. மலை இறங்குமுன் பிரேக்கை இறுக்கித் தரச் சொல்லி, கூட இரண்டு பேரோடு வந்தான். நீ சேற்றைத் துடைத்தாய். ஹேண்டிலுக்குக் கீழே, குழாய் சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு கோடு.

"விரிசல் உட்ருக்குதுங்க. இதுல எறங்காதீங்க. மொதல் வளைவுலயே ரெண்டாப் போயிரும்."

"இதோட வெலை தெரியுமாடா உனக்கு? உம் பட்டறையவே வாங்கலாம்."

"வெலையப் பாத்து விரிசல் பயப்படாதுங்க."

அவன் உன்னைத் தள்ளிவிட்டுச் சைக்கிளில் ஏறப்போனான். நீ சுத்தியலை எடுத்தாய். ஒரே அடி. குழாய் தெறித்து இரண்டானது, ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

மூன்று பேரும் உன்மேல் விழுந்தார்கள். காற்றடிக்கும் பம்பாலேயே முதுகில் அடித்தார்கள். வாயெல்லாம் ரத்தம். பிறகு உன் வலது கையை இரும்பு தட்டும் அடிகல்லின் மேல் வைத்து ஒருவன் மிதித்துக்கொண்டான். சைக்கிள்காரன் உன் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு. விரிசல் இருந்துச்சா?"

என் காலடியில் கிடந்த துண்டின் விளிம்பு முக்கால்வாசி கருத்திருந்தது. புதிதாக உடைந்திருந்தால் முழுக்க வெள்ளையாகத்தான் இருக்கும். கருப்பென்றால் பழைய விரிசல், அழுக்கு ஏறியது. இது எனக்குத் தெரியாதா? பயந்தேன் என்றால் அது பாதி உண்மைதான். அவ்வளவு விலை போட்ட பொருளில் விரிசல் இருக்காது என்று என் கண்ணையே நான் நம்பவில்லை. அது பெயின்ட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரியலீங்க" என்றேன்.

சுத்தியல் இறங்கியது. மூன்று முறை.

இந்த இடத்தில் மகள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எழுது கண்ணு என்றேன்.

அந்தக் கையில் அதன்பிறகு நீ ஸ்பேனர் பிடிக்கவில்லை. டம்ளரைக்கூட இடது கையால்தான் தூக்கினாய். ஒருநாள் டீக்கடையில் கேட்டாய்.

"மாப்ள, நீயும் அந்தக் கருப்பப் பாத்தீல்ல?"

"இல்லடா" என்றேன். நீ டீயைக் குடித்தாய். அப்போதும், அன்று பொறுக்கிய அந்தத் துண்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. போன மழையில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று காலை அந்த கார்பன்காரனிடம் சொன்னேன்: "உள்ளே நொறுங்கிப் போச்சுங்க. ஏறாதீங்க."

"யோவ், இது கார்பன். உன் ஓட்டை இரும்பு இல்ல. விடுய்யா."

நான் ஹேண்டிலை விடவில்லை. அறைந்தான். பல்லில் ரத்தம் கரித்தது. அப்போதும் விடவில்லை. இன்னொரு கையால் பையிலிருந்து துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் அழுத்தினேன்.

"அந்தக் கருப்ப நல்லாப் பாருங்க. நொம்ப வெலை கொடுத்து வாங்குன சைக்கிள்தானுங்க இதுவும்."

நெடுநேரம் பார்த்தான். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பட்டறையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவனில்லை.

பார்த்தேன்டா. அன்றைக்கே பார்த்தேன். துண்டு இதோ, மறுபடியும் என் பையில்தான் இருக்கிறது.